பதினோராம் தறிக்கு நான் எழுதிய அட்டை

கடைக்காரர்களுக்கும் சிறு பட்டறைக்காரர்களுக்கும் அட்டை போட்டுக் கொடுப்பதுதான் அந்த நாளில் என் பிழைப்பு. இப்படிச் சொன்னால் கல்யாணப் பத்திரிகை அட்டையா என்று கேட்பார்கள். அது இல்லை. ஒரு கடையில் எந்த வேலை யார் கையில் இருக்கிறது, எது எந்த மட்டில் இருக்கிறது, எது எப்போது கைக்கு வரும் என்பதெல்லாம் முதலாளியின் தலைக்குள்ளேயே இருக்கும். முதலாளிக்குக் காய்ச்சல் வந்தால் கடைக்கும் காய்ச்சல். அதையெல்லாம் அவர் தலையிலிருந்து இறக்கி, கெட்டி அட்டைகளில் கட்டம் போட்டு எழுதி, ஒரு மரப்பெட்டியில் வரிசையாக நிறுத்தி வைத்துவிட்டால், யார் வந்து கேட்டாலும் எடுத்துப் பார்த்துச் சொல்லிவிடலாம். இன்று இதே காரியத்தைக் கணினியில் செய்கிறார்கள். செய்கிற பிள்ளைகளுக்குப் படிப்பும் அதிகம், சம்பளமும் அதிகம். அவர்களில் யாராவது இதைப் படிக்க நேர்ந்தால், என் தவறு அவர்களுக்குக் கொஞ்சம் உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் பள்ளி இறுதி வகுப்போடு நின்றவன். கொஞ்சம் டைப்ரைட்டிங் தெரியும். சிறுதொழில் நடத்துகிறவர்களுக்கென்று மூன்று நாள் வகுப்பு ஒன்று நடந்தது. அங்கே ஒரு அதிகாரி கரும்பலகையில் கட்டம் போட்டுக் காட்டினார். மற்றவர்கள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தூங்கிவிட்டார்கள். எனக்கு மட்டும் தூக்கம் வரவில்லை. அந்தக் கட்டங்களைப் பார்க்கப் பார்க்க மாக்கோலத்துக்குப் புள்ளி வைத்தது போல மனசுக்கு இதமாக இருந்தது. அங்கே பிடித்தது அந்தப் பைத்தியம்.

இன்னொரு பழக்கமும் எனக்கு இருந்தது. சாயங்காலம் விளக்கு ஏற்றியதும், அம்பாள் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, அன்றைக்கு நடந்ததைச் சொல்லுவேன். இன்றைக்கு இவரிடம் கோபப்பட்டேன் தாயே, இந்த இடத்தில் தெரியாததைத் தெரிந்த மாதிரி பேசிவிட்டேன் என்று முணுமுணுப்பேன். ஒரு நாள் என் மனைவி உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு வெளியே வந்தாள்.

"இன்னாங்க, போன மாசம் சொன்ன தப்பையே இன்னிக்கும் சொல்றீங்களே."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கும் காது இருக்குதே. பேசாம ஒரு நோட்டுல எழுதி வையுங்க. சாமிக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும். உங்களுக்குத்தான் இருக்காது."

மறுநாளே ஒரு கோடு போடாத நோட்டு வாங்கினேன். அன்றைக்குச் செய்த வேலை, அதில் எங்கே இடறினேன், யாரைக் கேட்டிருக்க வேண்டும் என்று நாலைந்து வரி எழுதி, படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் சாப்பிட உட்காருவேன்.

பட்டுக்கடை முதலாளி ஒருவர் என்னை அழைத்தது அதற்குப் பிறகு. அவருக்குப் பிள்ளையார்பாளையத்தில் இருபது தறிகளில் வேலை ஓடிக்கொண்டிருந்தது. தறி நெசவாளர் வீட்டில் இருக்கும். பட்டும் ஜரிகையும் கடையிலிருந்து போகும். பாவு என்பது தறியில் நீளவாட்டில் ஓடுகிற இழைகள் மொத்தமும். ஒரு பாவில் மூன்று புடவை வரும். அது முடிந்ததும் அடுத்த பாவு கொடுப்பார்கள். எந்தத் தறி ஓடுகிறது, எது நிற்கிறது என்று முதலாளிக்குத் தெரிய வேண்டும். அவ்வளவுதான் கேட்டார்.

தறிக்கு ஒரு அட்டை என்று இருபது அட்டை போட்டேன். தறி நின்ற நாளை எழுத ஒரு பத்தி. ஏன் நின்றது என்று குறிக்க நாலு கட்டம்: பட்டு வரவில்லை, ஜரிகை வரவில்லை, உடம்பு சரியில்லை, பண்டிகை. இந்த நாலையும் நானும் முதலாளியும் கடையிலேயே உட்கார்ந்து, ஒரு காபி ஆறுவதற்குள் முடிவு செய்தோம். ஒரு தறி நிற்க இதைத் தவிர வேறு என்ன காரணம் இருக்க முடியும் என்று இருவருக்கும் பெரிய திருப்தி.

சனிக்கிழமைதோறும் நெசவாளர்கள் கடைக்கு வந்து சொல்லுவார்கள். நான் பெட்டியோடு உட்கார்ந்து குறித்துக்கொள்வேன். பதினோராம் தறிக்காரர் ஒல்லியான மனிதர். வாயில் வெற்றிலை இருக்கும், பேச்சு இருக்காது.

"இந்த வாரம் எப்படி?"

"ரெண்டு நாள் ஓடல சார்."

"பட்டு வரலையா?"

"வந்துச்சு."

"ஜரிகை?"

"அதுவும் இருக்குது."

"உடம்புக்கு ஏதாவதா?"

"சாமி புண்ணியத்துல நல்லாத்தான் இருக்கோம்."

"பின்னே ஏன்?"

"ஓடல சார். அவ்ளோதான்."

நாலு கட்டத்திலும் அடங்கவில்லை. கட்டத்தைக் காலியாக விடவும் எனக்கு மனசு வரவில்லை. ஓரத்தில் "காரணம் இல்லை" என்று எழுதினேன். அழகான கையெழுத்து என்னுடையது. அடுத்த மாதமும் அப்படித்தான். அதற்கடுத்த மாதமும். ஒருமுறை பக்கத்தில் நின்ற இன்னொரு நெசவாளர், "எழுதிக்கோங்க சார், மாப்ளை விருந்துக்குப் போயிருந்தாருன்னு" என்று கிண்டல் செய்தார். எல்லாரும் சிரித்தார்கள். பதினோராம் தறிக்காரரும் சிரித்தார். அதையும் நான் கவனித்தேன், யோசிக்கவில்லை.

எட்டு மாதம் ஓடியது. ஒரு திங்கட்கிழமை முதலாளி பெட்டியைத் தன் பக்கம் இழுத்து, அட்டைகளை வெளியே எடுத்து, அதிகம் நின்ற தறி எது என்று பார்த்தார். பதினொன்று மேலே வந்தது.

"காரணம் இல்ல, காரணம் இல்ல, காரணம் இல்ல. இன்னாயா இது?"

"அவர் சொல்லவில்லை ஐயா."

"சொல்றதுக்கு இருந்தாத்தானே சொல்லுவான்! வர வெள்ளிக்கிழமை ஒரு கல்யாணத்துப் பாவு குடுக்கணும். அவனுக்குத்தான் முறை. வேணாம். செவிலிமேட்டாண்ட ஒருத்தன் கேட்டுக்கினு இருக்கான், அவனுக்குக் குடுத்துடலாம். இந்தத் தறியை நிறுத்திக்க. அட்டையே சொல்லுதே. நீ எழுதினதுதானே?"

"ஆமாம் ஐயா."

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது எனக்குப் பெருமையாக இருந்தது. நான் போட்ட அட்டையைப் பார்த்து ஒரு முதலாளி முதன்முதலாக ஒரு முடிவு எடுத்திருக்கிறார். மூன்று நாள் வகுப்பு நடத்திய அதிகாரி இதைப் பார்க்க வேண்டும் என்றுகூட நினைத்தேன்.

விளக்கு ஏற்றி நோட்டைத் திறந்தேன். "இன்று முதலாளி அட்டையைப் பார்த்து" என்று எழுதியவன், அடுத்த வார்த்தைக்கு நின்றுவிட்டேன். அட்டையைப் பார்த்து என்ன செய்தார்? ஒரு வீட்டுக்கு வேலையை நிறுத்தினார். ஒரு கடையில் பாவு நிறுத்தினால் அது தெருவெல்லாம் தெரிந்துவிடும். அடுத்த கடைக்காரர் அந்த ஆளுக்குப் பாவு கொடுக்க யோசிப்பார். தறி சும்மா கிடக்கும். அந்த வீட்டில் புருஷன், பெண்டாட்டி, பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண்கள். அம்பாளை நிமிர்ந்து பார்க்க எனக்கு என்னவோ போல் இருந்தது. காரணமே இல்லாமல் ஒரு மனிதன் தன் தறியை நிறுத்துவானா? எட்டு மாதமாக எழுதினேனே, ஒரு நாளாவது இதை நான் கேட்டுக்கொண்டேனா?

நோட்டைப் பின்னாலிருந்து முன்னால் புரட்டினேன். சோறு ஆறுகிறது என்று மனைவி இரண்டு முறை கூப்பிட்டாள். ஒரு பக்கத்தில், "பதினொன்று நின்றது. காரணம் இல்லை. நாலாம் தறிக்காரர் புதுப் பாவு ஏற்றி மறுநாளே நெய்ய ஆரம்பித்துவிட்டார், சுறுசுறுப்பு" என்று எழுதியிருந்தேன். இன்னொரு பக்கத்தில் பதினொன்று நின்ற வாரத்தில் ஏழாம் தறியில் புதுப் பாவு. வேறொரு பக்கத்தில் பதினைந்து. தனித்தனி அட்டையில் பார்க்கும்போது தெரியாதது, நாள் வாரியாக எழுதிய நோட்டில் பக்கத்துப் பக்கத்து வரியாக உட்கார்ந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை கடையில் முதலாளி வெளியே போனதும் இருபது அட்டையையும் பாயில் பரப்பினேன். நாள் நாளாக வைத்துப் பார்த்தேன். பதினொன்று நின்ற நாட்களில் பாதிக்கு மேல், நம் கடைத் தறி ஏதோ ஒன்றில் புதுப் பாவு ஏறிய நாளாக இருந்தது. மீதி நாட்களுக்கு ஒன்றும் புலப்படவில்லை. அட்டைகளைத் திரும்பப் பெட்டியில் நிறுத்தும்போதுதான் உறைத்தது. இந்த இருபது வீட்டில் ஒரு வீட்டுக்குள்ளும் நான் இதுவரை கால் வைத்ததில்லை.

புதன்கிழமை காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு பிள்ளையார்பாளையம் போனேன். தெருவில் வீட்டுக்கு வீடு தறிச் சத்தம். பதினோராம் தறி வீட்டில் மட்டும் சத்தமில்லை. அவர் வாசலில் உட்கார்ந்து நூல் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"இன்னிக்கும் ஓடல சார்" என்றார், நான் கேட்பதற்கு முன்பே.

"வீட்டுக்கார அம்மா இல்லையா?"

கொஞ்சம் தயங்கினார். "அந்தாண்ட, மூணாவது வீட்டுல."

மூன்றாவது வீட்டுக்குப் போனேன். அங்கே இருந்தது வேறொரு கடைக்கு நெய்கிற தறி. பழைய பாவின் கடைசி முழம் தறியிலேயே விடப்பட்டிருந்தது. அதன் ஒவ்வொரு இழையின் நுனியோடும் புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் சேர்த்து முறுக்கிக்கொண்டிருந்தார் பதினோராம் தறிக்காரரின் மனைவி. பாவு பிணைப்பது என்பார்கள். ஆயிரக்கணக்கான இழை. பக்கத்தில் கொட்டாங்கச்சியில் சாம்பல். விரலில் சாம்பலைத் தொடுவதும், இரண்டு இழையைச் சேர்த்து ஒரு திருகு திருகுவதும் கண்ணுக்கே பிடிபடவில்லை.

"யாரு, அட்டைக்கார சாரா? வாங்க. வெளிச்சத்த மறைக்காதீங்க, இந்தாண்ட வந்து நில்லுங்க."

நகர்ந்து நின்றேன். "உங்க வீட்டுல தறி நிக்குதேம்மா."

"நான் இங்க குந்திக்கினு இருந்தா அங்க எப்படி ஓடும்? கோர்வைப் புடவையாச்சே. எதிர்ப்பக்கம் கரைக்கு ஒரு ஆளு வேணாமா? அவரு ஒத்த ஆளா இன்னா பண்ணுவாரு?"

உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம் என்று நெய்கிற புடவைக்கு, நெய்கிறவருக்கு எதிரே இன்னொருவர் உட்கார்ந்து, கரைக்கு நூல் ஓட்டுகிற நாடாக் கட்டையைத் தள்ள வேண்டும். அது எனக்குத் தெரியும். ஆனால் என் அட்டையில் தறிக்கு ஒரு பெயர்தான் உண்டு, அவர் பெயர்.

அந்த வீட்டு அம்மாள் காபி கொண்டுவந்தார். "இவங்க பிணைச்சா மூணு புடவைக்கும் ஒரு இழை அறாது சார். எங்க வூட்டுக்காரர் பிணைச்சா நாள் முழுக்க முடிச்சுதான் போட்டுக்கினு இருக்கணும்."

"காதுல வுழுதுடி!" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது.

"வுழணும்னுதானே சொல்றேன்!"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "ஏம்மா, இதை அவர் ஒரு நாளும் சொல்லலையே?"

தறிக்காரரின் மனைவி கையை நிறுத்தாமல் பதில் சொன்னார். "நீங்க எங்க சார் கேட்டீங்க? பட்டு வந்துச்சான்னு கேட்டீங்க, ஜரிகை வந்துச்சான்னு கேட்டீங்க, உடம்பு நல்லாருக்குதான்னு கேட்டீங்க. எல்லாம் நல்லாத்தானே இருந்துச்சு." கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அதோட, நான் உங்க கடைத் தறிக்கு மட்டும் போறதில்ல. கூப்பிட்ட வூட்டுக்கெல்லாம் போவேன். அது முதலாளி காதுல வுழுந்தா கோச்சிக்குவாருன்னு அவருக்கு பயம். பொய் சொல்லவும் வராது. அதான் வாயத் தொறக்கறதில்ல" என்றார்.

பிறகு முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தார். "இன்னா சார், திடீர்னு தெருவுக்கே வந்துட்டீங்க? எதனா தப்பாப் போச்சா?"

"தப்புதாம்மா. என் தப்பு. சரி பண்ணத்தான் வந்தேன்."

அதற்கு மேல் சொல்ல எனக்குத் தைரியமில்லை.

திரும்பும் வழியில் அம்மன் கோயிலில் இறங்கினேன். பிராகாரம் சுற்றி வரும்போது, இதற்கு இரண்டு வருஷம் முன்னால், முசரவாக்கம் போகிற வழியில் ஒரு அரிசி ஆலைக்கு நான் போட்டுக் கொடுத்த அட்டைகள் ஞாபகத்துக்கு வந்தன. நெல் காய வைக்கிற ஒரு பெண்ணுக்கு எதிரே "தாமதம்" என்று அடிக்கடி எழுதியிருந்தேன். அப்புறம் ஒரு நாள் அந்தப் பெண் வேலைக்கு வரவில்லை. நிறுத்திவிட்டார்கள் என்றார்கள். அப்போது என்னிடம் நோட்டும் இல்லை, அந்தப் பெண்ணைக் கேட்க வேண்டும் என்ற எண்ணமும் இல்லை. அவள் ஏன் தாமதமாக வந்தாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதற்கு மன்னிப்புக் கேட்டேன். இந்த வீட்டையாவது என் கையால் கெடுக்காமல் காப்பாற்று தாயே என்று வேண்டிக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலையில், முதலாளி கடைக்குச் சாம்பிராணி காட்டி முடிக்கும்வரை காத்திருந்தேன். அவர் கல்லாவில் உட்கார்ந்ததும் பதினோராம் அட்டையை முன்னால் வைத்தேன்.

"ஐயா, இந்த அட்டை தப்பு. இதை நம்பி நீங்கள் முடிவு எடுக்கக் கூடாது."

"தப்பா? நாள் தப்பா எழுதிட்டியா?"

"நாள் சரி. காரணம் தப்பு." நடந்ததைச் சொன்னேன். நம் தறிகளுக்கு மட்டும்தான் பிணைக்கப் போகிறார் என்று சொல்லிவிடலாம் என ஒரு கணம் நாக்கு வரை வந்தது. காரியம் சுலபமாக முடியும். ஆனால் அப்படிச் சொன்னால் இன்னொரு பொய் அட்டை எழுதியதாகத்தான் ஆகும். அடுத்த கடைத் தறிகளையும் சேர்த்தே சொன்னேன்.

அவர் முகம் சிவந்துவிட்டது. "நல்லா இருக்குதுயா! எவனோ ஒருத்தன் கடைத் தறிக்கு இந்தம்மா பிணைக்கப் போவாங்க, என் பட்டு தறியில தூங்கிக்கினு இருக்கணுமா?"

நான் மற்ற அட்டைகளையும் பரப்பினேன். "இதைப் பாருங்கள் ஐயா. நாலு, ஏழு, பதினைந்து. பாவு போன மறுநாளே ஓடியிருக்கிறது. இழை அறுந்து நின்றதாக ஒரு குறிப்பும் இல்லை. இதெல்லாம் அந்த அம்மாள் கை. அவர்கள் வீட்டுக்குப் பாவை நிறுத்தினால், அவர்கள் வேறு கடைக்குப் போவார்கள். அப்புறம் நம் தறிக்கு எந்த உரிமையில் கூப்பிடுவோம்?"

"இது அட்டையில எங்கயா இருக்குது?"

"இல்லை ஐயா. அதுதான் என் தப்பு."

"எட்டு மாசமா எழுதினியே, ஒரு வாட்டி தெருவுல போயிப் பாக்க மாட்டியா?"

"போயிருக்க வேண்டும்."

அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் வேலை அன்றோடு போய்விடும் என்றுதான் நினைத்தேன். அவர் கோபத்தில் பாதி தன் மேலேயே என்பது பிறகுதான் புரிந்தது. "அந்த நாலு கட்டம் நானும் சேர்ந்துதானே சொன்னேன்" என்றார், எனக்குச் சொல்கிற மாதிரி இல்லாமல். பிறகு சத்தமாக, "நாளைக்குப் பாவு பதினொண்ணுக்கே போவட்டும். செவிலிமேட்டான் அடுத்த வாட்டி வாங்கிக்கட்டும். ஆனா இந்த அட்டை எனக்கு வேணாம். வேற போடு" என்றார்.

அன்று சாயங்காலமே வேறு அட்டை வெட்டினேன். நாலு கட்டத்தை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் ஒன்றும் போடாமல் அகலமாக விட்டு, தலைப்பில் "அவர்கள் சொன்னது" என்று மட்டும் எழுதினேன். தறிக்காரர் பெயருக்குக் கீழே எதிர்ப்பக்கம் உட்காருகிறவர் பெயருக்கும் ஒரு கோடு. அதற்குப் பிறகு எந்தக் கடைக்குக் கூப்பிட்டாலும், வேலை நடக்கிற இடத்தில் ஒரு முழு நாள் பென்சில் இல்லாமல் உட்கார்ந்துவிட்டு வந்துதான் முதல் கட்டம் போடுவேன். சிலர் இதைச் சோம்பேறித்தனம் என்றார்கள். இருக்கட்டும்.

வெள்ளிக்கிழமை காலை, ராகு காலத்துக்கு முன்பே பதினோராம் தறிக்காரர் வந்தார். இந்த முறை மனைவியும் கூட வந்திருந்தார். முதலாளி பாவுக்கு மஞ்சளும் குங்குமமும் வைத்து, கற்பூரம் காட்டி, அதை இருவர் கையிலும் கொடுத்தார். அவர்கள் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். முதலாளி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "பிணைக்கப் போற நாளை முன்கூட்டியே சொல்லிட்டுப் போம்மா. நான் அதுக்குத் தக்கன கல்யாண வூட்டாருக்கு நாள் சொல்லிக்கிறேன்" என்றார். தறிக்காரர் என்னைப் பார்த்தார். வெற்றிலைப் பையைத் திறந்து, நீட்டினார். நான் வெற்றிலை போடுகிறவன் இல்லை. அன்றைக்குப் போட்டுக்கொண்டேன்.

அந்த அம்மாள் புது அட்டையை வாங்கி, எழுத்துக் கூட்டிப் படித்தார். தன் பெயரை இரண்டு தரம் படித்தார். பிறகு விரலை அகலமான காலியிடத்தில் வைத்தார்.

"இதுல நான் பிணைக்கப் போறதை எழுதுவீங்க, சரி. தெருவுல பாவை இழுத்துக் கட்டிக் கஞ்சி போடறோமே, விடியக்காலம் எட்டுப் பேரு வந்து கை குடுக்கறாங்களே, அவங்க தறியும் அன்னிக்கு நிக்குமே. அது எங்க வரும்?"

நான் முதலாளியைப் பார்த்தேன். முதலாளி என்னைப் பார்த்தார்.

"யோவ், இதுக்கு அட்டை பத்தாதுயா. செவுத்துல எழுது."

"அதெல்லாம் பத்தும்" என்று அந்த அம்மாள் பாவை மடியில் வைத்துக்கொண்டு பாயில் உட்கார்ந்தார். "எழுதிக்கோங்க சார். முதல்ல யார் யாரு வருவாங்கன்னு சொல்றேன்."

பென்சிலைச் சீவிக்கொண்டு அவர் எதிரே உட்கார்ந்தேன்.